கைப்பேசிக்குள் ஒரு முதலீட்டு ஆலோசகர்: உள்ளே ஓடும் கணக்கு என்ன?

பத்து மாவுங்கில் இரண்டாவது பினாங்குப் பாலத்தில் ஏறி, கடலைத் தாண்டி, பத்து காவானில் இறங்கியிருக்கிறீர்களா? மொத்தம் 24 கிலோமீட்டர். 2014 மார்ச் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. காரில் போகும்போது கடலும் தூண்களும் விளக்குக் கம்பங்களும்தான் கண்ணில் படும். பாலத்தின் தளத்துக்கும் தூண்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ரப்பர் தாங்கிகள் கண்ணில் படுவதில்லை. அதிர்வை உறிஞ்சும்படி பதப்படுத்தப்பட்ட இயற்கை ரப்பர் அது. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய அதே மரத்தின் பால்தான் இன்று அந்தப் பாலத்துக்கு மெத்தையாக இருக்கிறது.

எதற்காக இந்த மெத்தை? நிலநடுக்கத்துக்காக. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நடுக்கத்தையும் அதைத் தொடர்ந்து வந்த சுனாமியையும் பினாங்கு மறக்காது. ஆனால் பாலத்தை வடிவமைத்த பொறியியலாளர்கள் "அடுத்த நடுக்கம் எப்போது வரும்?" என்று கணிக்க முயலவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. வந்தால் பாலம் எவ்வளவு ஆடும், அந்த ஆட்டத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மறுமுனையில் இன்று நாம் பார்க்கப்போகும் விஷயமும் இதே கேள்வியில்தான் நிற்கிறது.

ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாகவும், பிறகு ரப்பர், செம்பனைத் தோட்டங்களாகவும் இருந்த பத்து காவான் இன்று தொழிற்பேட்டை. மைக்ரான், போஷ், ஹோண்டா என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் அக்காவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறக்கிறார். இரண்டு விளம்பரங்கள் வருகின்றன. ஒன்று, "100 ரிங்கிட்டில் தொடங்குங்கள், உங்கள் பணத்தை எங்கள் கணினி உலகச் சந்தைகளில் பிரித்து முதலீடு செய்யும்" என்கிறது. இன்னொன்று, "100 ரிங்கிட் போடுங்கள், எங்கள் செயற்கை நுண்ணறிவு நாளுக்கு 3 விழுக்காடு ஈட்டித் தரும்" என்கிறது. இரண்டிலும் அழகான வரைபடம், இரண்டிலும் நீல நிறம், இரண்டிலும் சிரிக்கும் முகங்கள்.

இவற்றில் ஒன்று உண்மையான இயங்கலை முதலீட்டு ஆலோசனை நிறுவனம். மற்றது திருடன். எது எது என்று அக்கா உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? படிவம் 4 கணிதம் தெரிந்திருந்தால் போதும், பதில் சொல்லிவிடலாம்.

முன்பு யாரிடம் கேட்டோம்?

பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங்கின் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பெட்டியடி முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதிய காலம் உண்டு. தோட்டத்து மக்கள் தங்கம் வாங்கினார்கள். கூட்டு கட்டினார்கள். கூட்டு பிடித்தவர் பணத்தோடு காணாமல் போகும் கதைகளும் சேர்ந்தே வந்ததால், 1971-இல் கூட்டு நடத்துவதையே தடை செய்து ஒரு சட்டம் வந்தது.

பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கிய முயற்சி அது. சிறு தொகைகள் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கசப்பான சான்றும் இருக்கிறது. 1980-களில் ம.இ.கா. முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 இந்தியர்கள் ஏறக்குறைய 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் போட்டார்கள். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆகவே பங்கின் விலை என்னவென்று நாள்தோறும் பார்க்கவும் முடியவில்லை, வேண்டும்போது விற்கவும் முடியவில்லை. 2010-இல் 1 ரிங்கிட் பங்குக்கு 80 சென் என்ற விலையில் வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. இடையில் கிடைத்த ஈவுத்தொகையை விட்டுவிட்டுப் பார்ப்போம்: ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி தரும் ஓர் இடத்தில் 1 ரிங்கிட்டை 25 ஆண்டுகள் வைத்திருந்தால் அது 3 ரிங்கிட் 39 சென்னாக வளர்ந்திருக்கும். 80 சென்னுக்கும் 3.39-க்கும் உள்ள இடைவெளியைப் பல வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். யார் காரணம் என்பதை விட்டுவிடுங்கள், அது வேறு பக்கத்துக்குரிய விவாதம். நமக்கு வேண்டிய கேள்வி இது: ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரே நிறுவனத்தின் பங்கில், அதுவும் விற்க முடியாத பங்கில் இருக்கலாமா?

வசதி படைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுடைய பணத்தைப் பத்து இடங்களில் பிரித்துப் போட்டு, கவனித்து, கணக்கு சொல்ல ஆள் இருக்கிறது. செல்வ மேலாண்மை என்று பெயர். ஆனால் ஆலோசகரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு. 500 ரிங்கிட் வைத்திருப்பவரோடு அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவருக்குக் கட்டுபடியாகாது.

அவர் செய்வதில் பெரும்பகுதி கணக்குதான். கணக்கைக் கணினி செய்யும், அதுவும் ஒரு சென் செலவில் ஆயிரம் பேருக்குச் செய்யும். இந்த எண்ணத்தில்தான் அமெரிக்காவில் பெட்டர்மென்ட், வெல்த்ஃப்ரண்ட் போன்ற நிறுவனங்கள் 2008-இல் உருவாயின. சென்னையில் ஃபண்ட்ஸ்இந்தியா 2009-இல் இயங்கலை முதலீட்டுச் சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூரில் ஸ்டாஷ்அவே 2016-இல் பிறந்தது. நம் நாட்டில் பங்குப் பத்திர ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா செகூரித்தி, 2017-இல் இதற்கென்று விதிமுறைகளை வகுத்தது. முதல் உரிமம் 2018-இல் ஸ்டாஷ்அவேக்குக் கிடைத்தது. ஷரியா முறையில் முதலீடு செய்யும் வாஹெட், மைதியோ, ரெய்ஸ் என்று மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ரெய்ஸின் உத்தி வேடிக்கையானது. 4 ரிங்கிட் 60 சென்னுக்கு நீங்கள் ஏதாவது வாங்கினால் அதை 5 ரிங்கிட்டாக எடுத்துக்கொண்டு, மீதி 40 சென்னை முதலீட்டில் போடும். உண்டியல்தான், கணினி உண்டியல்.

இவற்றைப் பொதுவாக ரோபோ ஆலோசகர் என்கிறார்கள். ரோபோ எதுவும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இருப்பது ஒரு நிரல், அதற்குள் சில சமன்பாடுகள்.

செண்டோல் கடையும் சூப் கடையும்

அந்தச் சமன்பாடுகளின் தாத்தா ஹாரி மார்கோவிட்ஸ் என்பவர். 1952-இல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. சிகாகோ பல்கலைக்கழக மாணவர். அதுவரை முதலீடு பற்றி எழுதியவர்கள் "எது அதிகம் தரும்?" என்று மட்டும் கேட்டார்கள். மார்கோவிட்ஸ் "எவ்வளவு ஆடும்?" என்பதையும் சேர்த்துக் கேட்டார். அவருடைய முனைவர் பட்டத் தேர்வில், இது பொருளாதாரமே அல்ல என்று மில்டன் ஃப்ரீட்மன் வாதாடினாராம். 1990-இல் அதே வேலைக்குப் பொருளாதார நோபல் பரிசு வந்தது.

அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். உங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. சாலையோரத்தில் இரண்டு கடைகள். ஒன்று செண்டோல் கடை. வெயில் நாளில் போட்ட பணத்துக்கு 10 விழுக்காடு லாபம், மழை நாளில் 4 விழுக்காடு நட்டம். இன்னொன்று சூடான சூப் கடை. வெயில் நாளில் 2 விழுக்காடு நட்டம், மழை நாளில் 8 விழுக்காடு லாபம். வெயிலும் மழையும் சரிபாதி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். பினாங்கு வானிலைக்கு அது அவ்வளவு பொய்யும் அல்ல.

செண்டோல் கடையின் சராசரி லாபம் 3 விழுக்காடு. சூப் கடைக்கும் 3 விழுக்காடுதான். இப்போது ஆட்டத்தை அளப்போம். பள்ளியில் நீங்கள் 'சிசிஹான் பியாவாய்' என்று படிக்கும் திட்ட விலக்கம்தான் அளவுகோல். செண்டோல் கடையில் லாபம் சராசரியிலிருந்து மேலே 7, கீழே 7 என்று நகர்கிறது. ஆகவே திட்ட விலக்கம் 7. சூப் கடைக்கு அது 5.

இப்போது பணத்தைப் பாதிப்பாதியாகப் போடுங்கள். வெயில் நாளில் 10-இன் பாதியும் கழித்தல் 2-இன் பாதியும் சேர்ந்து 4 விழுக்காடு. மழை நாளில் கழித்தல் 4-இன் பாதியும் 8-இன் பாதியும் சேர்ந்து 2 விழுக்காடு. சராசரி அதே 3. திட்ட விலக்கம்? வெறும் 1.

ஒரு முறை நிறுத்தி, தாளில் போட்டுப் பாருங்கள். 7 ஆடுகிற ஒன்றையும் 5 ஆடுகிற ஒன்றையும் கலந்தால் 6 ஆட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் 1 தான் ஆடுகிறது. லாபத்தில் ஒரு துளியும் குறையவில்லை.

இது "முட்டைகளை ஒரே கூடையில் வைக்காதே" என்று எல்லாரும் சொல்லும் அறிவுரைதானே என்று நினைக்காதீர்கள். மேலே ஒரு படி இருக்கிறது. சூப் கடைக்குப் பதிலாக ஐஸ் கச்சாங் கடையில் பாதியைப் போடுகிறீர்கள். அதற்கு வெயிலில் 8 லாபம், மழையில் 2 நட்டம். சராசரி 3, திட்ட விலக்கம் 5, சூப் கடையின் அதே எண்கள். செண்டோலோடு கலந்தால் வெயிலில் 9, மழையில் கழித்தல் 3. திட்ட விலக்கம் 6. ஆட்டம் குறையவே இல்லை! இரண்டு கூடைகள் இருந்தன, ஆனால் இரண்டும் ஒரே மழையில் நனைந்தன. எத்தனை கூடை என்பதைவிட அவை சேர்ந்து விழுகின்றனவா, எதிரெதிராக நகர்கின்றனவா என்பதே கேள்வி. இந்தச் 'சேர்ந்து நகர்தலை' அளக்கும் எண்ணுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். முழுக்கச் சேர்ந்து நகர்ந்தால் +1, முழுக்க எதிராக நகர்ந்தால் –1.

உண்மை உலகில் சூப் கடையும் செண்டோல் கடையும் போல முழு எதிரிகள் கிடைப்பதில்லை. ஆனால் அமெரிக்கப் பங்கு, ஆசியப் பங்கு, அரசுக் கடன் பத்திரம், தங்கம் ஆகியவை ஒன்றோடொன்று முழுமையாகச் சேர்ந்தும் நகர்வதில்லை. ரோபோ ஆலோசகர் ஒவ்வொன்றிலும் எத்தனை விழுக்காடு போட்டால் இந்த ஆட்ட அளவுக்கு அதிக லாபம் எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, பெரும்பாலும் இ.டி.எஃப். எனப்படும், பங்குகளைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய கூட்டு நிதிகளாக வாங்கிப் போடுகிறது. பாலத்தின் ரப்பர் தாங்கியைப் போலத்தான். நடுக்கம் எப்போது என்று அது சொல்லாது.

உங்கள் பெற்றோரின் ஊழியர் சேமநிதி வாரியமும் இதே கலவைக் கணக்கில்தான் இயங்குகிறது. கடன் பத்திரம், பங்கு, கட்டடம் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

அக்காவிடம் அது கேட்கும் கேள்விகள்

செயலியில் பதிந்ததும் ஒரு கேள்வித்தாள் வரும். வயது என்ன, சம்பளம் என்ன, இந்தப் பணம் எப்போது வேண்டும், போட்டது ஒரே மாதத்தில் 20 விழுக்காடு குறைந்தால் என்ன செய்வீர்கள்: விற்பீர்களா, காத்திருப்பீர்களா, இன்னும் போடுவீர்களா? இந்த விடைகளிலிருந்து எவ்வளவு ஆட்டம் அவருக்குத் தாங்கும் என்று நிரல் முடிவு செய்கிறது. 24 வயது அக்காவுக்குப் பங்கு அதிகமாகவும், ஓய்வு பெறப்போகும் அப்பாவுக்குக் கடன் பத்திரம் அதிகமாகவும் வரும்.

இங்கே இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஆட்டத்தைத் தாங்கும் துணிச்சல் வேறு, தாங்கும் சக்தி வேறு. அக்காவுக்குத் துணிச்சல் இருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் உங்கள் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டவேண்டியவர் அவர்தான் என்றால் சக்தி இல்லை. கேள்வித்தாளை அவசரமாக நிரப்பினால் நிரலுக்கு அது தெரியாது. கடன் அட்டையில் பாக்கி இருப்பதும் பல நேரம் அதற்குத் தெரியாது. ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும் கடனை வைத்துக்கொண்டு, 6 விழுக்காடு கிடைக்குமா என்று முதலீடு செய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான். முதலில் அந்தக் கடன், பிறகு மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு, அதன்பிறகு செயலி. என்னைக் கேட்டால் இந்த வரிசையைச் செயலிகளே முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடவேண்டும்.

அதன்பின் இயந்திரம் செய்யும் இன்னொரு வேலை மனிதர்களுக்கு மிகவும் கடினமானது. 1,000 ரிங்கிட்டில் 600 பங்கு, 400 கடன் பத்திரம் என்று தொடங்கியதாகக் கொள்வோம். பங்கு 25 விழுக்காடு விழுந்துவிட்டது. இப்போது பங்கு 450, பத்திரம் 400, மொத்தம் 850. பங்கின் விகிதம் 53 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது. மீண்டும் 60 ஆக்கவேண்டும் என்றால் பங்கு 510 இருக்கவேண்டும். ஆகவே பத்திரத்தில் 60 ரிங்கிட்டை விற்றுப் பங்கு வாங்குகிறது. விலை விழுந்திருக்கும்போது வாங்குகிறது! பங்கு ஏறினால் அதே கணக்கு விற்கச் சொல்லும். இதற்கு மறுசமன் செய்தல் என்று பெயர்.

மனிதர்கள் இதற்கு நேர்மாறாக நடப்பார்கள். விழுந்தால் பயந்து விற்போம், ஏறினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வாங்குவோம். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, 100 ரிங்கிட் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட 100 ரிங்கிட் இழக்கும் வலி ஏறக்குறைய 2 மடங்கு. இயந்திரத்துக்கு அந்த வலி இல்லை. ஆனால் செயலியைத் திறந்து "எல்லாவற்றையும் விற்றுவிடு" என்று அமுக்கும் விரல் அக்காவுடையதுதான்.

வேடிக்கை என்னவென்றால், மார்கோவிட்ஸே தம் ஓய்வூதியப் பணத்துக்குத் தம் சமன்பாட்டைப் பயன்படுத்தவில்லை. பங்கில் பாதி, பத்திரத்தில் பாதி போட்டுவிட்டாராம். சந்தை ஏறும்போது தாம் அதில் இல்லையே என்றும், விழும்போது முழுக்க அதில் இருக்கிறோமே என்றும் பின்னால் வருந்தக்கூடாது என்பதற்காக.

ஒரு விழுக்காட்டின் எடை

செயலிகள் இலவசம் அல்ல. ஸ்டாஷ்அவே போன்றவை தொகையைப் பொறுத்து ஆண்டுக்கு 0.2 முதல் 0.8 விழுக்காடு வரை கட்டணம் எடுக்கின்றன. முகவர் மூலம் வாங்கும் யூனிட் டிரஸ்டில் தொடக்கத்திலேயே 5 விழுக்காடு வரை போகலாம், பிறகு ஆண்டுதோறும் 1.5 விழுக்காடு அளவில் நிர்வாகக் கட்டணம். "ஒரு விழுக்காடுதானே" என்று தோன்றும். கூட்டு வட்டிக்கு அப்படித் தோன்றாது.

10,000 ரிங்கிட், 30 ஆண்டுகள், கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ச்சி என்று கொள்ளுங்கள். 0.8 விழுக்காடு கட்டணம் போனால் கையில் இருப்பது சுமார் 45,760. 1.8 விழுக்காடு போனால் சுமார் 34,360. ஒரே ஒரு விழுக்காடு 11,400 ரிங்கிட்டைத் தின்றிருக்கிறது. போட்ட முதலைவிட அது அதிகம்.

"இலவசம்" என்றாலும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் சார்லஸ் ஷ்வாப் நிறுவனம் 2015-இல் கட்டணமில்லாத ரோபோ ஆலோசகரைத் தொடங்கியது. வாடிக்கையாளர் பணத்தில் ஒரு பகுதியை முதலீடு செய்யாமல் ரொக்கமாகவே வைத்து, தன் சொந்த வங்கியில் போட்டு, அதைக் கடனுக்கு விட்டு வட்டி வித்தியாசத்தில் சம்பாதித்தது. இதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில், ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 2022-இல் 18 கோடியே 70 லட்சம் டாலர் கட்டியது. கணக்குப் போட்டது கணினிதான். எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று சொன்னவர்கள் மனிதர்கள்.

கணக்கே தோற்கும் ஆண்டுகளும் உண்டு. 2022-இல் அமெரிக்கப் பங்குகள் ஈவுத்தொகை உட்பட சுமார் 18 விழுக்காடு விழுந்தன. வழக்கமாகத் தாங்கிப் பிடிக்கும் கடன் பத்திரங்களும் சுமார் 13 விழுக்காடு விழுந்தன. வட்டி விகிதம் வேகமாக ஏறியதால் இரண்டு கடைகளும் ஒரே மழையில் நனைந்தன. ஒட்டுறவுக் கெழு என்பது இயற்பியல் மாறிலி அல்ல. பழைய தரவிலிருந்து எடுத்த எண், மாறக்கூடியது. முதலீட்டுக்கு வங்கி வைப்புத்தொகை போன்ற காப்புறுதியும் இல்லை. வங்கியில் 250,000 ரிங்கிட் வரை காக்கும் பிடாம் என்ற அமைப்பு இந்தச் செயலிகளின் முதலீட்டைக் காக்காது. உரிமம் பெற்ற நிறுவனத்தில் உங்கள் பணம் நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் கலக்காமல், தனியாக ஒரு பொறுப்பாளரிடம் வைக்கப்பட்டிருக்கும். நிறுவனம் மூடினாலும் முதலீடு உங்களுடையதே. ஆனால் விலை விழுந்தால் விழுந்ததுதான்.

அந்த இரண்டாவது விளம்பரம்

இப்போது கேண்டீனுக்குத் திரும்புவோம். நாளுக்கு 3 விழுக்காடு. கணிப்பொறியை எடுத்து 1.03-ஐ 365 அடுக்காக ஏற்றுங்கள். விடை சுமார் 48,000. அதாவது 100 ரிங்கிட் ஓர் ஆண்டில் 48 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். இரண்டாம் ஆண்டின் முடிவில் 23,000 கோடி ரிங்கிட்டைத் தாண்டும். இப்படி ஓர் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் டெலிகிராமில் உங்கள் அக்காவின் 100 ரிங்கிட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

எல்லா மோசடியும் இவ்வளவு அப்பட்டமாக இருக்காது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே திருடி, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. முதல் வாரம் உண்மையாகவே 130 ரிங்கிட் திருப்பிக் கொடுத்து நம்பிக்கை சம்பாதிப்பவர்கள் உண்டு. அக்காவோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள்: பங்குப் பத்திர ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, எச்சரிக்கைப் பட்டியலும் தனியாக இருக்கிறது. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். நிச்சய லாபம் என்ற சொல் எங்காவது வந்தாலும் அப்படியே. பணம் ஏற்கனவே போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையோ அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் சொல்லலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இந்தச் செயலிகளில் கணக்குத் திறக்க 18 வயது ஆகவேண்டும். அதுவரை தாளில் செய்து பாருங்கள். 2020 முதல் 2024 வரை ஊழியர் சேமநிதியின் ஈவு விகிதங்கள்: 5.20, 6.10, 5.35, 5.50, 6.30. சராசரி 5.69, திட்ட விலக்கம் 0.43. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு அதே ஆண்டுகளில் ஈவுத்தொகை உட்படத் தந்தது: 18.4, 28.7, –18.1, 26.3, 25.0. சராசரி 16.1, திட்ட விலக்கம் 17.4. முதல் வரிசை வாரியம் அறிவிக்கும் ஈவு, இரண்டாவது வரிசை சந்தை விலையின் ஆட்டம். ஆகவே இரண்டும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இரண்டாவது வரிசையில் 2022-ஐ மட்டும் அடித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். சராசரி 24.6 ஆகிவிடும். திட்ட விலக்கம் 3.8-க்கு இறங்கிவிடும். அடுத்த முறை அக்காவின் கைப்பேசியில் ஒரு வரைபடம் வரும்போது, அது எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்று முதலில் பாருங்கள்.